தழும்பின் நடுவே ஒரு சிரை

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்பு உறை இருக்கிறது. மின்கம்பிக்கு பிளாஸ்டிக் உறை போல என்று வைத்துக்கொள்ளலாம். உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே அந்த உறையைத் தாக்கி ஆங்காங்கே தழும்புகளை உண்டாக்கும் நோய்தான் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். பார்வை மங்கும், கால் தள்ளாடும், கை மரத்துப் போகும். 1868ல் பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக விளக்கினார்.

அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1863ல், ரிண்ட்ஃப்ளைஷ் என்ற ஜெர்மானியர் இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து ஒன்றைக் கவனித்திருந்தார். தழும்புகளின் நடுவே ஒரு சிறு இரத்தக் குழாய் இருந்தது. 1916ல் எடின்பரோவில் டாசன், தழும்புகள் சிரைகளை ஒட்டி விரல் போல நீள்வதை வரைந்து காட்டினார். இன்றும் அவற்றுக்கு 'டாசன் விரல்கள்' என்றே பெயர்.

சரி, நடுவில் சிரை எதற்கு? அங்கே அடைப்பு ஏற்படுவதே நோய்க்குக் காரணம் என்றார் அமெரிக்கரான ட்ரேசி பட்னம். 1930களில் நாய்களின் மூளைச் சிரைகளை அடைத்துப் பார்த்தார்; பிறகு நோயாளிகளுக்கு இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்தார். பலனில்லை. (வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் உதவும் என்று கண்டவர்களில் ஒருவரும் இவரே. பெரிய மூளைக்காரர்தான்!)

1981ல் லண்டனில் 10 நோயாளிகளை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் எடுத்தார்கள். சி.டி. ஸ்கேன் காட்டிய தழும்புகள் 19. எம்.ஆர்.ஐ. அவற்றோடு மேலும் 112ஐக் காட்டியது. உயிரோடிருப்பவரின் மூளையில் நோயைப் பார்க்க வழி பிறந்தது.

ஆனாலும் அடைப்புக் கொள்கை சாகவில்லை. 2009ல் இத்தாலியின் பாவ்லோ ஸம்போனி, கழுத்துச் சிரைகள் சுருங்கியிருப்பதே காரணம், பலூன் வைத்து விரித்தால் போதும் என்றார். அவர் மனைவிக்கும் இதே நோய். செய்தி தீயாய்ப் பரவியது. நடக்க முடியாதவர்கள் கடன் வாங்கிக்கொண்டு போலந்துக்கும் கோஸ்டாரிகாவுக்கும் இந்தியாவுக்கும் பறந்தார்கள். 2010ல் கோஸ்டாரிகா போய் வந்த கனடாக்காரர் ஒருவர் இறந்தே போனார். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வேறு நம்பிக்கை தர யாரும் இல்லாதபோது பலூன் பெரிதாகத்தான் தெரியும்.

கனடாவில் 104 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு பலூன், மீதிப் பேருக்கு வெறும் பாவனைச் சிகிச்சை. 2017ல் வந்த முடிவு: வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு ஸம்போனி தாமே நடத்திய சோதனையும் அதையே சொன்னது.

அப்படியானால் ரிண்ட்ஃப்ளைஷ் பார்த்தது பொய்யா? இல்லை. எதிர்ப்பு அணுக்கள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் இறங்குவது சிறு சிரைகளின் வழியாகத்தான். சிரை அடைபடவில்லை, வாசலாக இருந்தது. நவீன எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் தழும்புக்குள் அது ஒரு கருங்கோடாகத் தெரிகிறது. ஒற்றைத் தலைவலியாலோ முதுமையாலோ வரும் புள்ளிகளில் இந்தக் கோடு குறைவு. எனவே, 2024ல் திருத்தப்பட்ட மெக்டொனால்ட் விதிகளில் நோயை உறுதிசெய்யும் அடையாளங்களில் ஒன்றாக அந்தச் சிரையையும் சேர்த்துவிட்டார்கள்.