கூலியும் குடித்தனமும்: சாங்கானேர் திறந்தவெளிச் சிறையை முன்வைத்து

திறந்தவெளிச் சிறையை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் அங்கே இல்லாதவற்றிலிருந்தே தொடங்குகிறார்கள்: மதில் இல்லை, கம்பிக் கதவு இல்லை, துப்பாக்கி ஏந்திய காவல் இல்லை. 1955ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய ஐ.நா. மாநாடு இத்தகைய சிறைகளுக்கு வகுத்த இலக்கணத்திலும் முதற்கூறு இதுதான். தப்பி ஓடுவதைத் தடுக்கும் பௌதிகத் தடைகள் அங்கே இருக்கக் கூடாது என்றது அது. ஆனால் அந்த இலக்கணத்துக்கு இரண்டாவது கூறு ஒன்றும் உண்டு: சிறைவாசியின் தன்னொழுங்கையும் பொறுப்புணர்வையும் ஆதாரமாகக் கொண்டே சிறை இயங்க வேண்டும் என்பது அது. இந்தப் பொறுப்புணர்வு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நம் சிறைச் சீர்திருத்த விவாதங்கள் போதிய அளவு எழுப்பவில்லை. மதிலை எடுத்துவிட்டால் அது தானாக முளைத்துவிடும் என்று நம்புவது ஒருவகை மந்திர நம்பிக்கை. சொந்த உழைப்பில் கூலி ஈட்டி, அந்தக் கூலியில் சொந்தக் குடும்பத்தை நடத்தும் கடமை சிறைவாசியின் தலையில் விழும்போதுதான் திறந்தவெளிச் சிறை மறுவாழ்வைத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தக் கடமை இல்லாத இடத்தில், மதில் இல்லாவிட்டாலும், மூடிய சிறையின் பழக்கங்களே தொடர்கின்றன.

இதற்கு நம்மிடம் உள்ள வலுவான சான்று ராஜஸ்தான். 2022ஆம் ஆண்டின் தேசியச் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியாவில் இருந்த 91 திறந்தவெளிச் சிறைகளில் 41 அந்த ஒரு மாநிலத்தில் இருந்தன. அவற்றுள் பெயர்பெற்றது ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் 1963இல் தொடங்கப்பட்ட முகாம். உத்தரப் பிரதேச முதலமைச்சராக இருந்து, 1962இல் ராஜஸ்தான் ஆளுநரான சம்பூர்ணானந்தின் பெயரை அது தாங்கி நிற்கிறது. இங்கே வருபவர்களில் பலர் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர்கள். மாநிலத்தின் 1972ஆம் ஆண்டு விதிகளின்படி, தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை மூடிய சிறையில் நன்னடத்தையுடன் கழித்தவர்களே இங்கு வர முடியும். வந்தபின் அவர்களுக்குச் சிறைச் சாப்பாடு கிடையாது, சீருடை கிடையாது. மனைவி மக்களை அழைத்து வந்து சிறு வீட்டில் குடியிருக்கலாம். வேலையை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். ஒருவர் தொழிற்சாலைக்குப் போகிறார், ஒருவர் கடைக்குக் காவலாளியாகப் போகிறார், இன்னொருவர் வண்டி ஓட்டுகிறார். காலையிலும் மாலையிலும் ஆஜர் எடுக்கப்படும். மாலை ஆஜருக்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். சிறைவாசிகளே அமைத்துக்கொண்ட பஞ்சாயத்து முகாமின் அன்றாடத்தைக் கவனிக்கிறது. மின் கட்டணத்தையும் குடியிருப்பவரே கட்டுகிறார். கட்டணம் கட்டக் கடைசி நாள் எது, பிள்ளைக்குப் பள்ளியில் சேர்க்கை எப்போது, முதலாளி சம்பளத்தை எந்தத் தேதியில் தருவார் என்ற கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கும் தலை, மூடிய சிறையின் தலையிலிருந்து வேறுபட்டது. மூடிய சிறையில் எழும் நேரம், உண்ணும் நேரம், படுக்கும் நேரம் எல்லாவற்றையும் மணியோசை முடிவு செய்கிறது. பதினான்கு ஆண்டு மணியோசைக்கு எழுந்தவன் வெளியே வந்து ஒரு வாடகை வீட்டைப் பேசி முடிக்கத் தடுமாறினால், அது அவனுடைய குணக்கேடு ஆகாது, பயிற்சிக் கேடு.

இதே காலத்தில் வளர்ந்த மற்றொரு மாதிரியோடு சாங்கானேரை ஒப்பிட்டால் வாதம் தெளிவாகும். சுதந்திர இந்தியாவின் முதல் பெரும் முயற்சி 1952இல் வாராணசிக்கு அருகே சக்கியாவில் நடந்தது. சந்திரப்பிரபா ஆற்றின் குறுக்கே அணை கட்டச் சிறைவாசிகள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். பிறகு மிர்சாப்பூர் பகுதியில் சிமெண்ட் ஆலைக்குக் கல் உடைத்தார்கள். அங்கே கூலி தரப்பட்டது என்பதும், அன்றைய நிலையில் அது துணிச்சலான நடவடிக்கை என்பதும் உண்மை. ஆனால் வேலையை அரசு தேர்ந்தெடுத்தது. வேலை முடிந்ததும் முகாமும் முடிந்தது. பின்னர் பல மாநிலங்கள் இதை நிலையான பண்ணைச் சிறைகளாக மாற்றின. கேரளத்தின் நெட்டுகால்தேரி, தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்துப் புரசடைஉடைப்பு ஆகியவை இந்த வழியில் வந்தவை. பண்ணையில் நிலம் அரசுடையது, பயிர் அரசு முடிவு செய்வது, சோறு அரசு போடுவது. காற்றும் வெளிச்சமும் மரநிழலும் உண்டு, அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இருந்தாலும் சிறைவாசி அங்கே கூலியாள் மட்டுமே. குடும்பத் தலைவன் இல்லை. ஆறு கைதிகளையும் ஒரு நல்ல ஜெயிலரையும் வைத்து 1957இல் சாந்தாராம் எடுத்த இந்திப் படத்தையும், அதைத் தழுவி 1975இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த ‘பல்லாண்டு வாழ்க’வையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பண்ணைதான் திறந்தவெளிச் சிறையின் மனப்படம். கருணை மிக்க அதிகாரியின் கண்பார்வையில் திருந்துவது திரைக்குப் பொருந்தும். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனபின் என்ன நடக்கும் என்பதுதான் நிர்வாகம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் சொல்லப்படுவது, திருந்தக்கூடியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து அனுப்பிவிட்டு, அவர்கள் திருந்திவிட்டதாகப் பெருமை பேசுகிறோம் என்பது. இது எளிதில் தள்ளிவிடக்கூடிய ஆட்சேபம் இல்லை. ராஜஸ்தான் விதிகள் சில குற்றப் பிரிவுகளில் தண்டனை பெற்றவர்களைப் பொதுவாக விலக்கியே வைக்கின்றன. ஆகவே அங்குள்ளவர்கள் தப்பி ஓடாததையோ மீண்டும் குற்றம் செய்யாததையோ மட்டும் காட்டி முகாமின் வெற்றியை நிறுவ முடியாது. ஆனால் இந்தச் சிக்கலை நேர்மையாகக் கையாண்ட ஆய்வு ஒன்று உண்டு. மிலான் நகருக்கு அருகேயுள்ள பொல்லாத்தே சிறை பகல் முழுக்க அறைகளைத் திறந்து வைத்து, சிறைவாசிகளை வேலைக்கு அனுப்பும் இடம். பிற சிறைகளில் நெரிசல் முற்றியபோது, தேர்வு எதுவும் இல்லாமலே பலர் அங்கே மாற்றப்பட்டார்கள். மாஸ்த்ரோபுவோனி, தெர்லிஸ்ஸேசே என்ற இரு பொருளியலாளர்கள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, மூடிய சிறையில் கழிந்திருக்க வேண்டிய காலத்தைப் பொல்லாத்தேயில் கழித்தவர்களிடம் மறுகுற்றம் குறைந்ததைக் கண்டார்கள். தேர்ந்தெடுக்கப்படாமல் நெரிசலால் வந்து சேர்ந்தவர்களிடமும் அந்த விளைவு தெளிவாகத் தென்பட்டது. இத்தாலியின் முடிவை அப்படியே ராஜஸ்தானுக்குப் பொருத்த முடியாது. ஆனால் நல்லவர்களைப் பொறுக்கியதால்தான் நல்ல விளைவு என்ற வாதம் மட்டும் போதாது என்பதை அது காட்டுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் நீதியின் பெயரால் எழுகிறது. கொலை செய்தவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடித்தனம் நடத்துகிறான், கொலையுண்டவனின் வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை. இது என்ன தண்டனை? இக்கேள்வியில் உள்ள வலி நியாயமானது, விடை மட்டும் தவறான இடத்தில் தேடப்படுகிறது. முதலாவதாக, முகாமில் இருப்பவர் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது ஏற்கெனவே மதிலுக்குள் கழித்துவிட்டே வருகிறார். அவர் விடுதலை பெற்றவரும் அல்லர், மாலை ஆஜரைத் தவறவிட்டால் மூடிய சிறைக்கே திரும்ப வேண்டியவர். இரண்டாவதாக, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்க வேண்டுமென்றால் சிறைவாசியிடம் வருமானம் இருக்க வேண்டும். கடுங்காவல் சிறைவாசிகளுக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று குஜராத் வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூடிய சிறையின் அற்பக் கூலியில் பிடித்தம் செய்து எந்தக் குடும்பத்தின் இழப்பை ஈடுகட்ட முடியும்? வெளிச்சந்தையின் கூலியில்தான் அந்தத் தீர்ப்புக்கு உயிர் வரும். சாங்கானேர் மாதிரி இதுவரை இந்தத் திசையில் போகவில்லை என்பது அதன் பெரிய குறை. முகாமைப் புகழ்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்கு மிகக் கனமானதாகப் படுகிறது. மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்காக ஸ்மிதா சக்ரவர்த்தி நடத்தி 2017இல் வெளியான ஆய்வு, ஜெய்ப்பூர் மத்திய சிறையில் ஒரு சிறைவாசிக்கு ஆகும் செலவு சாங்கானேரில் ஆவதைப் போல் 14 மடங்கு என்றது; அங்கே ஆறு பேருக்கு ஒரு பணியாளர், இங்கே எண்பது பேருக்கு ஒருவர் என்றும் காட்டியது. சீர்திருத்தவாதிகள் இக்கணக்கை நிதித்துறையின் முன் ஆசையோடு நீட்டுகிறார்கள். ஆனால் மிச்சமான பணம் யாருடையது? அரசு கைகழுவிய சோற்றுச் செலவைச் சிறைவாசியும் அவர் மனைவியும் சுமக்கிறார்கள். வேலை கிடைக்காதவர், உடல் நலிந்தவர், குடும்பம் கைவிட்டவர் இந்தச் சுமையைத் தாங்க முடியாது. குடும்பத்தோடு வாழ்வதே முறையின் அச்சாணி என்றால், கணவனும் பிறந்த வீடும் ஒருசேரத் தள்ளிவைத்த பெண் சிறைவாசி அதில் எங்கே பொருந்துவார்? பெண்களுக்கான திறந்தவெளி இடங்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பதற்கு இந்த வடிவமைப்பும் ஒரு காரணம். ஆகவே கூலியும் குடித்தனமும் கடமையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது, வந்து சேரும் முதல் சில மாதங்களுக்கு உணவுக்கும் வேலை தேடலுக்கும் அரசின் கைத்தாங்கல் வேண்டும், குடும்பம் என்பதைத் தனியாள் குடித்தனமாகவும் ஏற்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளையும் சேர்த்தே சொல்கிறேன். மிச்சமாகும் தொகையில் சிறுபகுதி இதற்குப் போதும்.

இங்கே இடம் என்னும் விஷயம் வருகிறது. சிறைத்துறை மாநிலப் பட்டியலில் உள்ளதால் எங்கே முகாம் அமைப்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. கையில் இருக்கும் தரிசு நிலம் எதுவோ அதுவே பெரும்பாலும் தேர்வாகிறது. சாங்கானேர் அப்படிப்பட்ட இடம் அன்று. துணி அச்சடிப்புக்கும் கைவினைக் காகிதத்துக்கும் பேர்போன ஊர். ஜெய்ப்பூர் விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. காலையில் புறப்பட்டு மாலை ஆஜருக்குள் திரும்பும் தூரத்தில் கூலி இருக்கிறது. ஊர் நடுவே முகாம் இருப்பது ஆபத்து என்பவர்கள், ஊரார் அறுபது ஆண்டுகளாக அந்தச் சிறைவாசிகளுக்கு வேலை கொடுத்து வருவதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். முகாமை ஊருக்கு வெளியே இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அதே விதிகள், அதே மனிதர்கள், அதே பஞ்சாயத்து இருந்தும் முறை செத்துவிடும். சில ஆண்டுகளில் அது மற்றொரு பண்ணையாகும்.

நகரம் வளர வளர இந்த நிலத்தின் விலை ஏறுகிறது, அதன்மீது பார்வையும் விழுகிறது. திறந்தவெளி முகாம்களின் பரப்பை எங்கும் குறைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. அதே ஆண்டிலேயே சாங்கானேர் முகாமின் நிலத்தில் ஒரு பகுதி மருத்துவமனை கட்ட ஒதுக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்ற அவமதிப்பு மனுவாக மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. மருத்துவமனை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மாற்று நிலம் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் தவறு. புதிய முகாம்களைத் திட்டமிடும் மாநிலங்கள், தமிழ்நாடு உட்பட, எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கு முன் அந்த இடத்திலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் எத்தனை பேருக்குக் கூலி வேலை கிடைக்கும் என்று கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கை விதிகளிலேயே நிபந்தனையாக எழுதவும் வேண்டும்.