உரிமம் நிறுத்தப்பட்ட ஓட்டுநரும் வாகனக் காப்பீடும்

ஓட்டுநர் உரிமம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்ட ஒருவர், அந்தக் காலத்திலேயே கார் ஓட்டிப் பிடிபட்டுத் தண்டனை பெற்றால் அவருடைய காப்பீடு என்னவாகும்? தாம்பரம் (டிஎன் 11), சோழிங்கநல்லூர் (டிஎன் 14), மீனம்பாக்கம் (டிஎன் 22) வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் எல்லைக்குள் கார் வைத்திருப்போரிடம் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. உரிமம் போனால் காப்பீடும் தானாகவே ரத்தாகிவிடும் என்பது ஒன்று. அபராதம் கட்டிவிட்டால் கணக்கு தீர்ந்தது என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள, சட்டம் வளர்ந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் தொடக்கம்

பிரிட்டன் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் மூலம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதே வழியைப் பின்பற்றியது. ஆனால் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் அத்தியாயம் மட்டும் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இதன் நோக்கம் கார் உரிமையாளரைக் காப்பது அல்ல, காரில் அடிபட்டவரைக் காப்பது. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால் பின்னால் வந்த தீர்ப்புகள் அனைத்தும் எளிதாக விளங்கும்.

அச்சட்டத்தின் 96ஆம் பிரிவு, காப்பீட்டு நிறுவனம் பொறுப்பிலிருந்து விலகச் சில காரணங்களை மட்டுமே அனுமதித்தது. வண்டியை ஓட்டியவருக்கு முறையான உரிமம் இல்லாமை ஒரு காரணம். உரிமம் வைத்திருக்கத் தகுதியிழந்தவர், அந்தத் தகுதியிழப்புக் காலத்தில் ஓட்டியது இன்னொரு காரணம். 1988ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் இது 149ஆம் பிரிவானது. 2019 திருத்தத்துக்குப் பின் 150ஆம் பிரிவாக உள்ளது. எண் மாறினாலும் விதிவிலக்கின் சாரம் மாறவில்லை.

கோவை மருத்துவரின் வழக்கு

நெடுங்காலம் உரிமத்தை நிறுத்தி வைப்பது அரிதாகவே நடந்தது. அதை அன்றாட நிகழ்வாக்கியதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகள் தொடர்பாக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அதன் விளைவாக 2014இல் நீதிபதி கே.எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. மதுபோதை, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், ஓட்டும்போது கைப்பேசியில் பேசுதல், அதிக பாரம் ஏற்றுதல், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்கும்படி இக்குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்குக் கூறியது. புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு 2018இல் கட்டாயமானதும் இதே வழக்கில்தான்.

உரிமத்தை நிறுத்துமுன் உரியவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஆணை வந்தபின் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பலர் இதைச் செய்வதில்லை. அலுவலகத்துக்குப் போக வண்டி வேண்டுமே என்று மறுநாளே சாவியை எடுத்துவிடுகிறார்கள்.

அபராதமும் அதைவிடப் பெரிய செலவும்

தகுதியிழந்த காலத்தில் ஓட்டுவது 182ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதம் முன்பு 500 ரூபாய் வரைதான் இருந்தது. 2019 திருத்தம் அதை 10,000 ரூபாயாக்கியது. தமிழ்நாடு உயர்த்தப்பட்ட அபராதங்களை 2022 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது.

விபத்து நேர்ந்தால் இந்தப் பத்தாயிரம் ஒரு பொருட்டே அல்ல. ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்த ஒருவர் இப்படிப்பட்ட காரில் அடிபட்டு இறந்தார் என்று கொள்வோம். அவர் குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடும். ஓட்டியவருக்குத் தகுதி இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும். அதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் நிறுவனத்துடையதே. அதற்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஊழியரைப் பதிவேட்டுடன் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். இங்கே ஏற்கனவே பெற்ற தண்டனை வலுவான ஆவணமாகிவிடுகிறது.

2004 ஜனவரி 5 அன்று நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் சுவரண் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, ‘முதலில் கொடு, பிறகு வசூலித்துக்கொள்’ என்ற முறையை நிலைநிறுத்தியது. குடும்பத்துக்கு நிறுவனம் பணம் கொடுக்கிறது. பிறகு அதே தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கிறது. அவரது வீடும் சேமிப்பும் அந்த வசூலுக்கு உட்படலாம். 2019 திருத்தத்தில் பழைய வாசகங்கள் சில விடுபட்டதால் இம்முறைக்கு இனி இடமில்லை என்று நிறுவனங்கள் வாதிடத் தொடங்கியுள்ளன.

உரிமையாளர் வேறு, ஓட்டியவர் வேறு என்றால் நிலைமை மாறும். ஒருவர் வண்டலூர் போக ‘ஆக்டிங் டிரைவர்’ அமர்த்தி, உரிமத்தைப் பார்த்து நியாயமான கவனத்தோடு சாவியைக் கொடுத்திருந்தால், அது நிறுத்தப்பட்டது தமக்குத் தெரியாது என்று அவர் வாதிடலாம். காப்பீட்டு நிபந்தனையை மீறியவர் காப்பீடு செய்தவர்தானா என்பதே கேள்வி என்று 1987இல் ஸ்காண்டியா வழக்கும் கூறியது. தம் உரிமம் நிறுத்தப்பட்டதை அறிந்தே ஓட்டிய உரிமையாளருக்கு இந்த வாய்ப்பு இல்லை. தம் கார் சேதத்துக்கான தொகையையும் அவர் பெரும்பாலும் இழப்பார். 15 லட்சம் ரூபாய்க்கான உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடும் செல்லத்தக்க உரிமத்தை நிபந்தனையாக வைக்கிறது. எனவே அவரே இறந்தால் அவர் குடும்பமும் வெறுங்கையோடு நிற்க நேரிடும்.

அடுத்த ஆண்டுப் பிரீமியம்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் இத்தகைய தண்டனை பெற்றவர், காப்பீடு இருப்பதற்கான ‘எஸ்ஆர்-22’ சான்றை அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும், பிரீமியமும் ஏறும். இந்தியாவில் அப்படி இல்லை. 2022 ஜூன் 1 முதல் 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையுள்ள தனியார் காருக்கு ஓராண்டு மூன்றாம் தரப்புப் பிரீமியம் 3,416 ரூபாய். ஒருமுறைகூடப் பிடிபடாதவருக்கும் தண்டனை பெற்றவருக்கும் அதே தொகைதான். விதிமீறலுக்கு ஏற்பப் பிரீமியத்தை உயர்த்தலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு 2021 ஜனவரியில் பரிந்துரைத்தது. மதுபோதைக்கு 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று கணக்கிட்டு, தில்லியில் முன்னோட்டமாகத் தொடங்கலாம் என்பது அதன் யோசனை.

உரிமம் நிறுத்தப்பட்ட மாதங்களிலும் காருக்கான காப்பீடு உயிரோடுதான் இருக்கும். தகுதியுள்ள மனைவியோ மகனோ வேறு ஓட்டுநரோ அந்தக் காரைத் தடையின்றி ஓட்டலாம். இடையில் காப்பீடு முடிந்தால் வழக்கம்போல் புதுப்பிக்கவும் வேண்டும்.