சாவித்திரி தேவியும் சேரன்மகாதேவியும்

'நவநாஜி'ன்னு சொன்னா மொட்டையடித்த ஐரோப்பியப் பையன்கள்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் 1962-இல் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதியில் கூடி 'உலக தேசிய சோசலிஸ்ட் ஒன்றியம்' தொடங்கியவர்களில் ஒருவர், இந்தியப் பெயர் வைத்துக்கொண்ட பெண். பெயர் சாவித்திரி தேவி.

இயற்பெயர் மாக்சிமியானி போர்ட்டாஸ். 1905-இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். அம்மா ஆங்கிலேயர். அப்பா கிரேக்க-இத்தாலிய வழி. ஆரியர்களின் பழைய மதம் இந்தியாவில்தான் உயிரோடு இருக்குன்னு நம்பி 1932-இல் இங்கே வந்தார். கல்கத்தாவில் 'இந்து மிஷன்' அமைப்புக்காகப் பேசினார், எழுதினார். 1940-இல் அசித் கிருஷ்ண முகர்ஜியை மணந்தார். அவர் நாஜி ஆதரவுப் பத்திரிகை நடத்தியவர்.

போர் முடிந்ததும் ஜெர்மனிக்குப் போய் நாஜித் துண்டறிக்கைகள் கொடுத்தார். 1949-இல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் மூன்று ஆண்டு தண்டனை விதித்தது, சில மாதங்களிலேயே வெளியே வந்துட்டார். 1958-இல் வந்த 'மின்னலும் சூரியனும்' என்ற ஆங்கில நூலில் ஹிட்லரையே அவதாரமாக்கினார். லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்றவரை! 1982-இல் இங்கிலாந்தில் இறந்தார்.

கிறுக்கு என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் நம்மிடம் அவருக்குப் பிடித்தது எது என்று பாருங்க. ரத்தம் கலக்காமல் ஆரிய இனத்தைக் காப்பாற்றிய ஏற்பாடு என்று அவர் கொண்டாடியது சாதியை. இனத்தூய்மைச் சட்டம் எழுதி ஜெர்மனி செய்ததை, சாதிக்குள்ளேயே கல்யாணம் என்ற வழக்கத்தால் இந்தியா எப்பவோ செய்துவிட்டது என்பது அவர் கணக்கு.

அவர் வருவதற்கு ஏழு வருஷம் முன்பே எங்க தாமிரபரணிக் கரையில் இதே ஏற்பாட்டின் மேல் பெரிய சண்டை நடந்திருந்தது. மணிமுத்தாறிலிருந்து கல்லிடைக்குறிச்சி தாண்டினால் சேரன்மகாதேவி. அங்கே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனிச் சாப்பாடு. காங்கிரஸ் பணம் வாங்கிய பள்ளியில் இது எப்படின்னு வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார்.

ஐயர் நாஜி அல்ல, வெள்ளையரை எதிர்த்த தேசபக்தர். அந்தப் பந்தி, வழக்கம் என்ற பெயரில் நடந்தது. அதனால்தான் கேள்வி கேட்டவர்கள் முக்கியமாகிறார்கள். சாவித்திரி தேவி நம்மைப் புகழ்ந்த இடம் எதுவோ, அதுதான் நாம் சரிசெய்ய வேண்டிய இடம். இன்றைக்கும் இந்தப் பக்கம் சாதி மாறிக் காதலித்தால் அரிவாள் வருதே, அந்த வேலை பாக்கி இருக்கு.