வெந்நீர் ஊற்றிலிருந்து வந்த நொதியம்

கொரோனாக் காலத்தில் ‘பீ.சீ.ஆர்.’ என்ற சொல் நம்மட ஊர்த் தேநீர்க்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. அதன் வரலாறுதான் வந்து சேரவில்லை.

1983இல் அமெரிக்காவின் சீட்டஸ் கம்பனியில் பணியாற்றிய கேரி மல்லிஸின் சிந்தனையில் உதித்த முறை இது. சூடாக்கினால் டீ.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரியும். குளிரவிட்டால் சிறிய தொடக்கி இழைகள் வந்து ஒட்டும். பொலிமரேஸ் நொதியம் புதிய இழையைக் கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். இப்படிப் பெருக்கிய மரபணுவைக் காவி டீ.என்.ஏ.யில் இணைத்து, பக்டீரியாவுக்குள் செலுத்தி வளர்ப்பதே குளோனிங்.

ஆனால் ஒரு சிக்கல். சூடாக்கும்போதெல்லாம் நொதியம் கெட்டுப்போகும். சுற்றுக்குச் சுற்று புதிதாகச் சேர்க்க வேண்டும்.

அதற்கான தீர்வோ முன்னரே கிடைத்திருந்தது. யெலோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பக்டீரியாவைத் தோமஸ் புரொக்கும் ஹட்சன் ஃபிரீஸும் 1969இல் உலகுக்கு அறிவித்திருந்தனர். 1976இல் அலிஸ் சியெனும் சகாக்களும் அதிலிருந்து வெப்பம் தாங்கும் பொலிமரேஸைப் பிரித்தெடுத்தனர். அதன் பிறகுதான் வேலை இலகுவானது.

1993இல் மல்லிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சியெனின் பெயரை வகுப்பில் கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது. “இதைப் படிச்சு என்ன பயன்?” என்று அவசரப்படும் நாம், அந்த வெந்நீர் ஊற்றை ஒருகணம் நினைத்துக்கொள்வது நல்லது.