அகப்பார்வையும் புறப்பார்வையும்: ஜொகூர் மானுடவியல்

ஒரு சமூகத்தை அதற்குள் பிறந்தவர் ஆராய்வதும் வெளியிலிருந்து வந்தவர் ஆராய்வதும் ஒன்றல்ல. மொழியியலாளர் கென்னத் பைக் 1954இலும் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1972இலும் அகப்பார்வை, புறப்பார்வை என்ற இந்த வேறுபாட்டைக் கோட்பாடாக வகுத்தனர். மலேசியாவின் ஜொகூரில் அதன் நடைமுறை வரலாறு அதற்கும் நூறாண்டு மூத்தது.

சிங்கப்பூரிலிருந்து இதழ் நடத்திய ஜே. ஆர். லோகன், ஜொகூர்க் காட்டில் வாழ்ந்த ஒராங் பினுவா மக்களைப் பற்றி 1847இல் விரிவாக எழுதினார். 1874 டிசம்பரில் ரஷ்ய மானுடவியலாளர் நிக்கொலாய் மிக்லுகோ-மக்லாய் ஜொகூருக்கு வந்தார். மகாராஜா அபு பக்காரின் ஆதரவோடு மூவார், எண்டாவ் ஆற்றுப் பகுதிகளில் அலைந்தார். காட்டு மக்களிடம் பாப்புவா இனக் கலப்பு உண்டா என்று தேடி, தலையை அளந்தார், முடியைப் பார்த்தார், முகங்களை வரைந்தார். அந்த மக்கள் தம்மைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது அவருடைய முதன்மைக் கேள்வியாக இருக்கவில்லை. ஆனாலும் ஒன்றில் அவர் தம் காலத்தவரை மிஞ்சினார். நம்பி வழிகாட்டியவர்களின் நாட்டைப் பற்றிய தகவலைக் காலனி அரசுக்குக் கொடுப்பது உளவு வேலை என்று கருதி, அதைத் தவிர்த்தார்.

தமிழருக்கும் இக்கேள்வி அந்நியமன்று. 1960களில் மலாயா ரப்பர் தோட்டமொன்றில் தங்கித் தமிழ்த் தொழிலாளரை ஆராய்ந்த ரவீந்திர கே. ஜெயின் இந்தியர், ஆனால் தமிழரல்லர். 1970இல் வெளிவந்த அவருடைய நூலை எந்தப் பக்கத்தில் வைப்பது?

ஜொகூரில் அகப்பார்வைக்குச் சட்ட மதிப்பு கிடைத்தது 1990களில். சிங்கப்பூருக்கான லிங்கியூ நீர்த்தேக்கத் திட்டத்தில் 53,273 ஏக்கர் வாழ்நிலத்தை இழந்த ஜாக்குன் பழங்குடி மக்கள் 52 பேர், அடோங் பின் குவாவ் தலைமையில் மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்திருந்தனர். வீடும் தோட்டமும் மட்டுமல்ல, வேட்டைக்கும் காட்டுப்பொருள் சேகரிப்புக்கும் மூதாதையர் நடமாடிய காடும் தங்களுடையது என்பது அவர்கள் வாதம். நீதிபதி முக்தார் சிடின் அதை ஏற்று 2.65 கோடி ரிங்கிட் இழப்பீடு விதித்தார். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது. அளவுகோலோடு வந்தவர்கள் பதியத் தவறிய நில உறவு இவ்வாறு நீதிமன்ற ஆவணத்தில் ஏறியது.

இதற்கிடையில் ஒராங் அஸ்லி எனப்படும் தீபகற்ப மலேசியப் பழங்குடி மக்களிடமிருந்தே ஆய்வாளர்கள் எழுந்தனர். பேராக்கைச் சேர்ந்த செமாய் இனத்தவர் ஜூலி எடோ, தம் மக்களின் நிலவுரிமையை ஆராய்ந்து 1998இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அரசின் பார்வையில் செமாயும் ஜாக்குனும் ஒரே ஒராங் அஸ்லிதான். ஆனால் ஜாக்குன் பேச்சு மலாய் வழிவந்தது. செமாய் ஆஸ்திரோ-ஆசிய மொழி. பேராக்கில் அகத்தவரான ஜூலி எடோ எண்டாவ் ஆற்றங்கரையில் விருந்தாளிதான்.