குழந்தைகளுக்கு ஒரு காலாவதித் தேதி

2017 செப்டம்பர் 30 நள்ளிரவோடு அமெரிக்காவில் ஒரு திட்டத்துக்கான நிதி ஒதுக்கீடு முடிந்துபோனது. அதன் பெயரைச் சுருக்கி ‘சிப்’ என்பார்கள். ஏறக்குறைய 90 லட்சம் குழந்தைகளின் மருத்துவக் காப்பீடு அதில்தான் இருந்தது. மாநிலங்கள் மிச்சக் காசை வைத்து ஓட்டின. நவம்பர் கடைசியில் கொலராடோவும் டிசம்பரில் வர்ஜீனியாவும் பெற்றோர்களுக்குக் கடிதம் அனுப்பின: திட்டம் நின்றுபோகலாம், வேறு வழி பார்த்து வையுங்கள்.

குழந்தைகளுக்கு வைத்தியம் வேண்டாம் என்று அங்கே எந்தக் கட்சியும் சொல்லவில்லை. அப்புறம் எப்படி நின்றது? இதைத் தேடிப்போனபோது நான் வந்து சேர்ந்த இடம் 1997.

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு வருவது. ரொம்ப ஏழை என்றால் 1965இல் தொடங்கிய மெடிக்கெய்ட் உண்டு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். வேலை இருக்கும், காப்பீடு இருக்காது. சம்பளமோ மெடிக்கெய்ட் வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் சுமார் ஒரு கோடிக் குழந்தைகளுக்குக் காப்பீடு இல்லை.

எல்லோருக்கும் காப்பீடு என்ற கிளின்டனின் திட்டம் 1994இல் மண்ணைக் கவ்வியது. சரி, குழந்தைகளையாவது காப்பாற்றுவோம் என்று இறங்கினார் ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடி. அவரோடு கைகோத்தவர் குடியரசுக் கட்சியின் ஆரின் ஹேட்ச். யூட்டா மாநிலத்து மார்மன், புகையிலையைத் தொடாத மதம். சிகரெட் பாக்கெட்டுக்கு 43 சென்ட் வரி கூட்டலாம் என்றார்கள். கடைசியில் கிடைத்தது இரண்டு தவணையாக 15 சென்ட்.

பேரத்தில் போனது அது மட்டுமில்லை. மெடிக்கெய்ட் ஓர் உரிமை. தகுதி இருந்தால் மறுக்க முடியாது, மத்திய அரசு தரும் பங்குக்கும் உச்சவரம்பு கிடையாது. சிப்புக்கோ ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டி, பத்து ஆண்டுகளுக்கு மட்டும் பணம் ஒதுக்கினார்கள். புதிதாக இன்னொரு உரிமையை உருவாக்குவதை ஹேட்ச் பக்கத்து ஆட்கள் ஏற்றிருக்க மாட்டார்கள். ‘இப்போதைக்கு இது போதும்’ என்று எழுதிப்போடும் நிரல்தான் வருஷக்கணக்கில் ஓடும் என்பது சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இதுவும் அப்படி ஒன்று.

2007இல் தேதி வந்தது. ஐந்து ஆண்டுகளுக்குக் கூடுதலாக 3,500 கோடி டாலர் கேட்டது நாடாளுமன்றம். ஜார்ஜ் புஷ் 500 கோடிதான் தருவேன் என்றார். நடுத்தரக் குடும்பங்கள் தனியார் காப்பீட்டை விட்டுவிட்டு அரசுத் திட்டத்துக்கு ஓடிவரும் என்பது அவர் வாதம். அது வெறும் பயம் இல்லை. சிப்பில் சேரும் நூறு குழந்தைகளுக்கு 25 முதல் 50 பேர்வரை தனியார் காப்பீட்டில் குறைவதாக நாடாளுமன்றத்தின் நிதி மதிப்பீட்டு அலுவலகமே சொல்லியிருந்தது. ஆனால் மீதி ஐம்பது முதல் எழுபத்தைந்து குழந்தைகளுக்கு என்ன பதில்? அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் போயிற்று என்ற பொருளில் அவரே ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார். அக்டோபரில் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அதை முறியடிக்க கீழவையில் 13 ஓட்டு குறைந்தது. டிசம்பரில் மறுபடியும் வீட்டோ. ஒபாமா பதவியேற்ற பிறகு, 2009 பிப்ரவரியில்தான் விரிவாக்கம் வந்தது. அந்த முறை ஹேட்சே எதிர்த்து ஓட்டுப் போட்டார்.

2017இல் இந்தத் திட்டத்தைக் கையில் வைத்திருந்த செனட் நிதிக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே ஹேட்ச். புதுப்பிக்கும் மசோதாவைக் குழுவில் அவர்தான் நிறைவேற்றிக் கொடுத்தார். சிப் தடுமாறுவதற்குக் காரணம் நம்மிடம் பணம் இல்லாததே என்று அவையில் பேசியவரும் அவர்தான். அதே நாட்களில் 1.5 லட்சம் கோடி டாலர் வரிச்சலுகை மசோதா அந்த அவையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

2018 ஜனவரியில் நிதி மதிப்பீட்டு அலுவலகம் கணக்குப் போட்டது. சிப்பைப் பத்து ஆண்டு நீட்டித்தால் அரசுக்கு 600 கோடி டாலர் மிச்சம். திட்டம் நின்றால் அந்தக் குழந்தைகளில் பலர் இன்னும் அதிகச் செலவு பிடிக்கும் மானியக் காப்பீட்டுக்குப் போவார்கள் என்பதுதான் காரணம். இத்தனை மாதங்களாக அந்தப் பெற்றோர்களைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு செலவைக்கூட மிச்சப்படுத்தியிருக்காது.

கென்னடியும் ஹேட்சும் அன்று விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் திட்டமே பிறந்திருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்டுக்கொடுத்ததற்கான விலையை அவர்கள் இருவரும் கட்டவில்லை. தேதி நெருங்கும்போதெல்லாம் அந்தக் குழந்தைகள், நாடாளுமன்றத்தில் வேறு எதற்கோ நடக்கும் பேரத்தில் பணயமாகிறார்கள். மெடிக்கெய்ட்டுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. சிப்புக்கு அடுத்த தேதி 2029 செப்டம்பர் 30.