திருவண்ணாமலை: உயிரியலும் பண்பாடும் அரசுகளின் ஏற்றத்தாழ்வும்
வற்றாத ஆறு எதுவும் ஊரையொட்டி ஓடாத, ஏரியையும் கால்நடையையும் நம்பிய வறள்நிலத்தில் எழுந்த கோயில் நகரம் திருவண்ணாமலை. ஆநிரைப் போர்களில் மாண்டவர்களுக்குப் பல்லவர் காலத்தில் செங்கம் வட்டாரத்தில் நட்ட நடுகற்களே, இங்கே செல்வம் மந்தையாக இருந்ததற்குச் சான்று. சோழர் காலத்தில் மந்தைகள் கோயில்களின் கணக்கில் ஏறின. நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். அவற்றை ஏற்ற இடையர், ஈனும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர். ஆடு ஈனுவது உயிரியல். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்க்கும் கடமையைக் கல்லில் வெட்டியது பண்பாடு. இரண்டும் ஒன்றையொன்று தாங்கியவரை விளக்கு எரிந்தது.

அரசுகளுக்கு அப்படியோர் ஏற்பாடு வாய்க்கவில்லை. இவ்வூரைத் தளமாகக் கொண்டிருந்த போசள மன்னர் மூன்றாம் வல்லாளர், 1342-ஐ ஒட்டி மதுரை சுல்தானிடம் தோற்றுக் கொல்லப்பட்டார். வென்ற மதுரையையும் விரைவில் கொள்ளைநோய் வாட்டியதைப் பயணி இப்னு பதூதா எழுதியிருக்கிறார். நோய்தான் அரசுகளைக் கவிழ்க்கிறது என்று இதைக் காட்டி வாதிடலாம். ஆனால் அந்த நோய்க்குப் பிறகும் மதுரை சுல்தானகம் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. அதை முடித்தது விஜயநகரப் படை. பண்பாடே போதும் என்ற எதிர்வாதமும் நிற்காது. 1876–78 பஞ்சத்தில் ஆர்க்காட்டுச் சீமை பட்டினியில் துடித்தபோது கோபுரங்கள் சோறு போடவில்லை. மழை பொய்த்தது இயற்கை. தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது ஆட்சியின் முடிவு. ஆயினும் அரசுகள் மாறியபோதும் கோயில் பணி கைமாறித் தொடர்ந்தது: விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய, இவ்வூர்க் கோயிலின் 217 அடிக் கிழக்குக் கோபுரத்தை முடித்தவர் தஞ்சை நாயக்கரான செவ்வப்பர்.